ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஊர்: இத்தாலிய மலையில் இரண்டு இரவு, நான்கு தேர்வுகள்

இத்தாலியில் மலை என்றதும் கோர்த்தினா, கூர்மாயோர், ஒர்த்திசேய் என்று பெயர்கள் வரிசையாக வந்துவிடும். நல்ல ஊர்கள்தான். ஆனால் அறை வாடகையைப் பார்த்தாலே பாதி ஆசை அடங்கிவிடும். அவ்வளவாகப் பேர் தெரியாத மலையூர் ஒன்றில் வெள்ளி இரவு போய் இறங்கி ஞாயிறு மாலை கிளம்புவது எப்படி என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார் கிடையாது. ரயில், அப்புறம் தேவைப்பட்டால் பேருந்து.

இந்த நிபந்தனைகளோடு நான்கு ஊர்களைப் பார்க்கலாம். லொம்பார்தியாவில் கியாவென்னா, பியெமொந்தேயில் டோமோடோசோலா, ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய விப்பிதேனோ, ரோமுக்குக் கிழக்கே அப்ருட்சோ மலையில் ஸ்கான்னோ.

எதை வைத்து ஒப்பிடுவது? பயணக் கட்டுரைகள் ஊரின் அழகை வைத்தே முடிவு சொல்கின்றன. அது அவ்வளவாக உதவாது. சனிக்கிழமை எந்த மலையூரும் அழகாகத்தான் இருக்கும். கல் பாவிய தெரு, ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், நின்றபடி குடிக்கும் ஒரு காப்பி என்று காலை நகர்ந்துவிடும். ஆனால் ஊர் சின்னது. மதியத்துக்குள் எல்லாத் தெருவிலும் ஒருமுறை நடந்திருப்பீர்கள். சிக்கல் ஞாயிற்றுக்கிழமைதான். பாதிக் கடைகள் மூடியிருக்கும், பேருந்துகள் குறைந்துவிடும், இரண்டு இரண்டரை மணிக்கு அடைத்த சமையலறை ஏழு மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கும். அந்த நாளில் கால்நடையாகவோ ஒரு குட்டி ரயிலிலோ போய்வர உருப்படியாக ஏதாவது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. நான்கு ஊரையும் அதைக் கொண்டே அளக்கப்போகிறேன்.

முதலில் கியாவென்னா. மிலானிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். கோமோ ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியே பாதை போகிறது. ஏரி இடப்பக்கம் வரும் என்பதால் போகும்போது இடது ஜன்னலைப் பிடியுங்கள். வெயில் காலத்துச் சனிக்கிழமைக் காலைகளில் ஏரிக்கரை ஊரான வரென்னா வரை நிற்கவும் இடமில்லாமல் கூட்டம் ஏறும். அதனால் வெள்ளி மாலையே கிளம்பிவிடுவது நல்லது. கோலிகோவில் இறங்கி ஒரு கிளைப்பாதை வண்டிக்கு மாற வேண்டும், அவ்வளவுதான். ஒரே எச்சரிக்கை: 2024 கோடையில் லெக்கோவுக்கு வடக்கே தண்டவாள வேலைக்காகப் பாதையை மூடி மாற்றுப் பேருந்து விட்டார்கள். கிளம்பும் முன் அந்த வாரத்து அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் இருப்பது வெறும் 333 மீட்டர் உயரத்தில். மலையூர் என்று சொல்லிவிட்டு இதென்ன என்று தோன்றலாம். இறங்கிப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது. மூன்று பக்கமும் மலை நேராக எழுந்து நிற்கிறது, நடுவில் மேரா ஆறு சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. வடக்கே ஸ்ப்லூகென் கணவாய், கிழக்கே மலோயா கணவாய். இரண்டும் சுவிட்சர்லாந்துக்குப் போகின்றன. ஆல்ப்ஸைத் தாண்டிய சரக்கெல்லாம் இந்த ஊர் வழியாகப் போனதால்தான் இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை கனமான வீடுகள். 1512 முதல் 1797 வரை இது இன்றைய சுவிட்சர்லாந்தின் கிரிசோன்ஸ் பகுதிக்காரர்களின் ஆட்சியில் இருந்தது.

கியாவென்னாவுக்கே உரிய விஷயம் க்ரொத்தோ. பழைய நிலச்சரிவுகளில் உருண்டு வந்த பெரும் பாறைகளின் இடுக்குகளிலிருந்து ஒரு காற்று வருகிறது. ஜனவரியானாலும் ஜூலையானாலும் அது சுமார் 8 டிகிரிதான். ‘சொரேல்’ என்கிறார்கள். அந்தக் காற்று வரும் இடத்தைச் சுற்றிச் சுவரெழுப்பிக் கதவு வைத்து, உள்ளே வைனும் பாலாடைக்கட்டியும் உப்பிட்ட இறைச்சியும் வைத்துக்கொண்டார்கள். குளிர்சாதனப் பெட்டி வந்தபிறகும் இந்த வழக்கம் போகவில்லை. முன்பக்கம் மேசை நாற்காலி போட்டுச் சாப்பாட்டுக் கடையாக்கிவிட்டார்கள். ஊருக்குள்ளேயே பிராத்தோஜானோ பகுதியில் வரிசையாக நிற்கின்றன. செப்டம்பரில் இரண்டு வாரயிறுதிகள் இவற்றுக்கென்றே திருவிழா நடக்கும். அப்போது போவதானால் அறையை மாதக்கணக்கில் முன்னதாகப் பிடிக்க வேண்டும்.

சாப்பிட வேண்டியது இந்த ஊர் வெள்ளைப் பிட்சோக்கெரி. கோதுமை மாவில் செய்த சின்னச் சின்ன உருண்டைகள். வெண்ணெய், சேஜ் இலை, பூண்டு, ஏராளமான பாலாடைக்கட்டி. பக்கத்து வால்தெல்லினாவில் கிடைக்கும் பழுப்பு நிறப் பட்டைப் பிட்சோக்கெரி வேறு, இது வேறு. சைவர்களுக்குப் பிரச்சினையில்லாத உணவு என்று சொல்லலாம், ஒரு சிறு குறிப்போடு: இத்தாலியின் பழைய பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் சேர்க்கிறார்கள். அந்தளவுக்குப் பார்ப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

இனி ஞாயிறு. காலையில் ஆற்றோரமாகக் கிழக்கே நடக்கத் தொடங்கினால் பியூரோ வரும். பட்டு வணிகத்திலும் மாக்கல் பாத்திரங்களிலும் செழித்த பழைய பியூரோ இப்போது மண்ணுக்கடியில் இருக்கிறது. 1618 செப்டம்பரில், நாள்கணக்கில் பெய்த மழைக்குப் பின் ஒரு மாலை, கோந்தோ மலையின் ஒரு பகுதி சரிந்து ஊரையே மூடிவிட்டது. ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள். பாத்திரத்துக்காக மலையடியில் கல் குடைந்து எடுத்துக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. சற்றுத் தள்ளி இருந்ததால் தப்பித்த பெரிய மாளிகை ஒன்று, வெர்த்தெமாத்தே பிராங்கி என்ற வணிகக் குடும்பத்துடையது, இன்னும் நிற்கிறது. வெளியே அடக்கமான வீடு. உள்ளே சுவரெல்லாம் ஓவியம், மர வேலைப்பாடு செய்த கூரை. புதைந்த ஊரில் இப்படி இன்னும் எத்தனை இருந்திருக்கும் என்று யோசிக்காமல் அங்கிருந்து வர முடியாது. குளிர்காலத்தில் திறப்பதில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அக்வாஃபிராஜ்ஜா அருவி, இரண்டு கிளையாக விழுகிறது. லியனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அடிவாரத்தில் புல்வெளி, ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் குடும்பங்கள் சோற்று மூட்டையோடு வந்துவிடும். காலில் பலம் இருந்தால் பக்கத்திலேயே சவோஞ்ஞோ என்ற மலைக் கிராமத்துக்குக் கல் படிக்கட்டு ஏறுகிறது. 2,886 படிகள் என்பது ஊரார் கணக்கு. மேலே கார் போகாது, அதனால்தான் கல்வீடுகள் அப்படியே இருக்கின்றன. ஏறி இறங்க அரை நாள் ஆகும். மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட நினைப்பவர்கள் அருவியோடு நிறுத்திக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாலை ரயிலைப் பிடிக்க நேரம் இருக்கும்.

அடுத்தது டோமோடோசோலா. இத்தாலியர் எல்லாருக்கும் இந்தப் பெயர் தெரியும். தொலைபேசியில் எழுத்துக்கூட்டும்போது ‘டி’ என்ற எழுத்துக்கு இந்த ஊரைத்தான் சொல்வார்கள். ஆனால் அங்கே இறங்கியவர்கள் குறைவு. மிலானிலிருந்து ஒன்றரை மணி நேரம், சற்றுக் கூடக் குறைய. ஸ்ட்ரேசா வழியாகப் போகும்போது மஜ்ஜோரே ஏரி வலப்பக்கம்.

அழகுப் போட்டி வைத்தால் இந்த ஊர் கடைசியில் வரும், அதை ஒளிப்பதற்கில்லை. சுவிட்சர்லாந்துக்குப் போகும் சிம்ப்லோன் சுரங்கப்பாதை 1906-இல் திறந்தபிறகு ரயிலால் வளர்ந்த ஊர். நிலையத்தைச் சுற்றி இருப்பவை எங்கும் பார்க்கக்கூடிய கட்டடங்கள். ஆனால் பத்து நிமிடம் நடந்தால் சந்தைச் சதுக்கம். தூண் தாழ்வாரங்களும் மரப் பலகணிகளுமாக, ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகாத பழைய வீடுகள். சனிக்கிழமைதோறும் இங்கே சந்தை கூடுகிறது. கூட்ட அனுமதி கிடைத்தது 917-இல், முதலாம் பெரெங்காரியோ மன்னரிடம். சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்ட கடை இல்லை. ஊரைச் சுற்றியுள்ள ஒஸ்ஸோலா பள்ளத்தாக்குகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து பாலாடைக்கட்டி, காலுறை, கோடரிக் காம்பு என்று எல்லாவற்றையும் வாங்கிப் போவார்கள். இந்தச் சந்தைக்காகவே வெள்ளி இரவு வந்துவிட வேண்டும்.

சனி மதியம் கல்வாரியோ குன்று. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கப்பூச்சின் துறவிகள் தொடங்கிய சிலுவைப் பாதை, வழிநெடுகச் சிற்றாலயங்கள். உள்ளே ஆளுயரச் சுடுமண் சிலைகள் இயேசுவின் பாடுகளை நாடகம்போல நடித்துக்கொண்டிருக்கின்றன. பியெமொந்தே, லொம்பார்தியா பகுதிகளின் ஒன்பது புனித மலைகளில் ஒன்றாக 2003-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மெய்யியலாளர் அன்தோனியோ ரொஸ்மினி 1828-இல் தன் துறவற சபையைத் தொடங்கியதும் இந்தக் குன்றில்தான். ஏறுவது கடினமில்லை.

இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1944 செப்டம்பர் 10 அன்று எதிர்ப்புப் போராளிகள் ஜெர்மானியரையும் பாசிசப் படையையும் வெளியேற்றி, ஒஸ்ஸோலா முழுவதையும் ஒரு சுதந்திரக் குடியரசாக அறிவித்தார்கள். ஆறு வாரம்தான் நின்றது. அதற்குள் பள்ளிப் பாடத்திட்டம், வரி, உணவுப் பங்கீடு என்று அமைச்சரவை போட்டு வேலை பார்த்திருக்கிறார்கள். அதில் ஜிசெல்லா ஃப்ளொரெயானினி என்ற பெண்ணும் இருந்தார். இத்தாலியில் அமைச்சருக்கு ஒப்பான பொறுப்பு ஏற்ற முதல் பெண் அவர். அக்டோபரில் படை திரும்பி வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போனார்கள்.

ஞாயிறு என்று வந்தால் இந்த ஊரை மிஞ்ச இந்தப் பட்டியலில் வேறு இல்லை. ரயில் நிலையத்துக்கு அடியிலேயே இன்னொரு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து விஜெட்சினா என்று இத்தாலியரும் செந்தோவல்லி என்று சுவிஸ்காரரும் சொல்லும் மீட்டர் கேஜ் ரயில் கிளம்புகிறது. 1923-இல் திறந்தது. சுவிட்சர்லாந்தின் லொகார்னோ வரை 52 கிலோமீட்டர், 83 பாலங்கள், 31 சுரங்கங்கள், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசி வரை போக வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அது தேவையாகப் படவில்லை. போய்த் திரும்பவே நாலு மணி நேரம் உட்கார்ந்தே போய்விடும், லொகார்னோவில் ஒரு காப்பிக்கு பிராங்கில் விலை கேட்டால் தொண்டையில் இறங்காது. 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாந்த்தா மரியா மஜ்ஜோரேயில் இறங்கிவிடுங்கள், முக்கால் மணி நேரம்தான்.

அந்தக் கிராமம் புகைபோக்கி துடைப்பவர்களின் ஊர். வறுமையால் விஜெட்சோ பள்ளத்தாக்கிலிருந்து ஆண்களும் சின்னப் பையன்களும் ஐரோப்பா முழுக்க அந்த வேலைக்குப் போனார்கள். குறுகலான புகைபோக்கிக்குள் நுழைய உடம்பு சிறியதாக இருக்க வேண்டும், அதனால்தான் பையன்கள். இதற்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் பல நாட்டுத் துடைப்பவர்கள் கரி பூசிய முகத்தோடு ஊர்வலம் போகும் விழாவும் நடக்கிறது. இதே கிராமத்தில் பிறந்த ஜொவான்னி மரியா ஃபரீனாதான் ஜெர்மனிக்குப் போய் கொலோன் என்ற வாசனைத் தண்ணீரை உருவாக்கியவர். கரியும் அத்தரும் ஒரே ஊரிலிருந்து.

எல்லையைத் தாண்டுவதானால் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். ஷெங்கன் விசா சுவிட்சர்லாந்துக்கும் செல்லும், தனியாக ஒன்று வேண்டாம். ஆனால் கைப்பேசித் திட்டம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் என்றால் எல்லையில் இணையத்தை அணைத்துவிடுங்கள்.

ஒஸ்ஸோலா பக்கம் மழை அதிகம், அதுதான் இதன் குறை. ஆனால் மழையை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போகும் ஞாயிறு இங்கே வீணாகாது. கியாவென்னாவில் மழை வந்தால் அருவி, படிக்கட்டு எல்லாம் போய், க்ரொத்தோவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். (அதிலும் பெரிய குறை சொல்ல முடியாது.)

விப்பிதேனோவை எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மிலானிலிருந்து வெரோனா, போல்ட்சானோ வழியாக நாலு மணி நேரத்துக்கு மேல். இரண்டு இரவுக்கு அது அதிகம். வெரோனாவிலோ இன்ஸ்ப்ருக்கிலோ இருப்பவர்களுக்குப் பொருந்தும். 948 மீட்டரில், பிரென்னர் கணவாய்க்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து இத்தாலி வசம் வரும்வரை ஆஸ்திரியா. இன்றும் தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் ஜெர்மன். ஸ்டெர்ட்சிங் என்றுதான் சொல்வார்கள். பக்கத்து மலைகளில் வெள்ளி தோண்டிய காலத்தில் பணம் வந்தது; பெரிய தெருவின் வண்ண வீடுகளும் 46 மீட்டர் மணிக்கூண்டும் அந்தப் பணம். இப்போது இத்தாலி முழுக்க இந்த ஊர்ப் பெயரைப் பரப்புவது தயிர். மளிகைக் கடைகளில் விப்பிதேனோ என்று அச்சிட்ட தயிர்க் குப்பியைப் பார்த்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இங்கே கோடையிலும் குளிர்காலத்திலும் வெவ்வேறு பதில். கோடையில் வெள்ளைப் பளிங்குப் பாறையை ஓடை அறுத்துச் செய்த கில்ஃபென்கிளாம் பள்ளம், மரப் பாலங்கள் வழியாக நடை. குளிர்காலத்தில் ஊர் விளிம்பிலிருந்தே கம்பிவண்டியில் மேலே போய், சுமார் 10 கிலோமீட்டர் சறுக்குவண்டிப் பாதையில் கீழே வரலாம். பனிச்சறுக்குத் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்கு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை இந்த நான்கில் இதைத்தான் சொல்வேன். கீரையும் ரிக்கோத்தா பாலாடைக்கட்டியும் அடைத்த ஷ்லுட்ஸ்கிராப்ஃபென் என்ற பாஸ்தா சைவர்களுக்குக் கைகொடுக்கும். ரொட்டி உருண்டைகளை வாங்கும்போது மட்டும் ஸ்பெக் என்ற பன்றி இறைச்சி இருக்கிறதா, சூப் எதில் செய்தது என்று கேளுங்கள். கிறிஸ்துமஸ் சந்தை நாள்களில் பல விடுதிகள் இரண்டு மூன்று இரவுக்குக் குறைவாக அறை தருவதில்லை.

ஸ்கான்னோ நான்கிலும் அழகானது. இதைச் சொல்லிவிட்டே அதை வேண்டாம் என்கிறேன். 1,050 மீட்டரில், மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் கல்வீடுகள். 1930-இல் டச்சு ஓவியர் எஷெர் இதன் தெருவை அச்சோவியமாக வரைந்தார். 1951-இல் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் வந்து படமெடுத்தார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் இத்தாலியப் புகைப்படக்காரர் மாரியோ ஜக்கொமெல்லி. கறுப்பு உடையில் பெண்கள் படியேறும் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் ஊரை அடையாளம் கண்டுகொள்வார்கள். பொன், வெள்ளிக் கம்பி வேலை செய்யும் தட்டார் கடைகள் இன்னும் உண்டு. பழைய நிலச்சரிவு ஒன்று ஆற்றை மறித்து உருவாக்கிய ஏரி கீழே. ஒரு குறிப்பிட்ட மேட்டிலிருந்து பார்த்தால் இதய வடிவம், அதற்காகவே கூட்டம் ஏறுகிறது.

வழிதான் சிக்கல். ரோமிலிருந்து சுல்மோனாவுக்கு ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம், அங்கிருந்து சஜித்தாரியோ இடுக்கு வழியாகப் பேருந்தில் இன்னும் ஒரு மணி நேரம். வெள்ளி மாலை அலுவலகம் முடிந்து கிளம்பினால் கடைசிப் பேருந்தைப் பிடிப்பது சந்தேகம், ஞாயிறு பேருந்துகள் இன்னும் குறைவு. ஆக, ஞாயிறு முழுவதும் பேருந்து நேரத்தைச் சுற்றியே போகும். மூன்று இரவு கிடைத்தால், ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் என்றால், ரோமில் இருப்பவர்கள் யோசிக்காமல் போகலாம். இரண்டு இரவுதான் என்றால் சுல்மோனாவிலேயே தங்கிவிடுங்கள். சர்க்கரை பூசிய வாதுமைகளும் கவிஞர் ஓவிடின் பிறந்த ஊர் என்ற பெருமையும் உள்ள நல்ல ஊர் அது; ஸ்கான்னோவுக்குச் சனிக்கிழமை பகலில் போய்வரலாம்.

மிலானிலிருந்து கிளம்புபவர்களுக்கு மிஞ்சுவது கியாவென்னாவா, டோமோடோசோலாவா என்பதுதான். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, வானம் தெளிவாக இருந்தால் கியாவென்னா. அக்டோபர், நவம்பரில், அல்லது எந்த மாதமானாலும் மழை அறிவிப்பு இருந்தால் டோமோடோசோலா. வயதான அப்பா அம்மா கூட வந்தாலும் டோமோடோசோலாதான், ரயில் ஜன்னலுக்கு முழங்கால் வலி கிடையாது.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு வசதி: சாதாரண வட்டார ரயிலின் கட்டணம் முன்கூட்டி வாங்கினாலும் கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் ஒன்றுதான். அதனால் வியாழன் இரவு வானிலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட மறக்காதீர்கள், இல்லையென்றால் அபராதம். இந்தத் தள்ளிப்போடும் வசதி செல்லாத இரண்டே காலம், கியாவென்னாவின் செப்டம்பர்த் திருவிழாவும், இலைகள் சிவக்கும் அக்டோபர் நடுவிலிருந்து விஜெட்சினாவில் ஓடும் சிறப்பு ரயில்களும். அந்த ரயில்களுக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், வாரயிறுதி இடங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும்.